டீபக்கரும் அதன் மறுமொழிச் சோதனையும்

நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டைக் கேளாத மாணாக்கர் நம் கல்லூரியில் அரியர். கோயிற் கொடை விழாவில் அண்ணாவி ஓர் அடியைப் பாடி நிறுத்துகின்றார். அருகிருப்பவர் அதன் முடிவறிந்து, "ஆமா" என்று ஏற்றுப் பின்பாட்டைத் தொடுக்கின்றார். அண்ணாவி சற்றே தாமதித்தாலும், ஒரு சொல்லை மாற்றிப் பாடினாலும், குடமடிப்பவர் இடையிலே ஒரு தட்டு மிகையாகத் தட்டிவிட்டாலும் பின்பாட்டுக்காரர் கலங்குவதில்லை. அவர் மனிதர், குறிப்பறிந்து சமாளித்துக்கொள்வார். அவருடைய இடத்தில் ஒரு யந்திரத்தை அமர்த்திவிட்டால் யாது நிகழும்? அது "ஆமா" சொல்லவேண்டிய இடத்தை எங்ஙனம் அறியும்? அறிந்துகொண்டதென்று நாம் எங்ஙனம் தெளிவது? இவ்வினாக்கள் விளையாட்டாகத் தோன்றினும், கணினித் துறையில் நாள்தோறும் எழுவனவே. அவற்றுள் ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, யான் கற்றறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுந்தேன்.

நிரல் எழுதப் பழகும் மாணாக்கர்க்கு உற்ற துணையாவது டீபக்கர் எனப்படும் கருவி. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வேண்டிய வரியில் நிறுத்தி, அவ்விடத்தில் எந்த மாறியில் எம்மதிப்பு உள்ளது, எந்தச் சார்பு எந்தச் சார்பை அழைத்து இங்கு வந்து சேர்ந்தது என்பனவற்றை உசாவி அறிய அஃது உதவும். நிறுத்தற்குரிய இடத்தைப் பிரேக்பாயின்ட் என்பர். இவ்வகைக் கருவிகளுள் உலகெங்கும் பரவி நிற்பது ஜி.டி.பி. என்பது. ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1986-ஆம் ஆண்டில் இதனை முதற்கண் எழுதினார். எவரும் விலையின்றிப் பெற்று, அதன் மூலத்தைப் படித்து, வேண்டுமாயின் திருத்தியும் கொள்ளலாம். மாணாக்கர்க்கு இதனினும் மேலான பேறு வேறு யாது?

ஜி.டி.பி.யைத் தட்டச்சுப் பலகையின் முன்னிருந்து நேரே இயக்குவோர் இன்று சிலரே. பெரும்பாலோர் வி.எஸ். கோட், எக்லிப்ஸ், ஈமாக்ஸ் போன்ற எழுதுகளங்களில் நிரலை எழுதி, வரியின் ஓரத்தில் ஒரு செம்புள்ளியைக் குத்திவிட்டு, ஓடும் பொத்தானை அழுத்துகின்றனர். நிரல் அப்புள்ளியில் வந்து நிற்கின்றது. மாணவர் காண்பது இவ்வளவே. திரைக்குப் பின்னால் நிகழ்வதோ ஓர் உரையாடல். எழுதுகளம் ஜி.டி.பி.யிடம் கட்டளை விடுக்கின்றது, ஜி.டி.பி. மறுமொழி கூறுகின்றது, அம்மறுமொழியைப் படித்து எழுதுகளம் படம் வரைகின்றது. கேட்பதும் யந்திரம், சொல்வதும் யந்திரம்.

முற்காலத்தில் இவ்வுரையாடற்கென்று தனிமொழி இருந்ததில்லை. மனிதர் படித்தற்கென்று ஜி.டி.பி. எழுதிய வாக்கியங்களையே எழுதுகளமும் எப்படியோ பிரித்துப் படித்துக்கொண்டது. மனிதர்க்கெழுதும் வாக்கியம் நயம் கருதி மாறக்கூடியது. ஒரு பதிப்பில் "முதற் பிரேக்பாயின்ட், மெயின், 12-ஆம் வரி" என்றிருந்தது, அடுத்த பதிப்பில் ஒரு காற்புள்ளியை இழக்கலாம். படிக்கும் மனிதர்க்கு அது கண்ணிலும் படாது. காற்புள்ளியை எண்ணிக்கொண்டிருந்த யந்திரமோ அத்துடன் செவிடாகிவிடும். இடைக்காலத்தில் ஈமாக்ஸ் முதலியவற்றின் பொருட்டு வாக்கியங்களினிடையே அடையாளக் குறிகளைச் செருகும் முறையொன்றும் கையாளப்பட்டது. அதனாலும் நிறைவு உண்டாகவில்லை. பின்னரே யந்திரத்திற்கெனவே ஓர் இடைமுகம் வகுக்கப்பெற்றது. ஜி.டி.பி./எம்.ஐ. என்பது அதன் பெயர். அதன் முதற்பதிப்பு 2001-ஆம் ஆண்டின் 5.1 வெளியீட்டிலும், இரண்டாம் பதிப்பு 2003-ஆம் ஆண்டின் 6.0 வெளியீட்டிலும் வந்தன.

இதன் இலக்கணம் சிறியது. ஒரு மாலைப்பொழுதிற் கற்றுக்கொள்ளலாம். (கட்டளைகளும் விடைகளும் ஆங்கில எழுத்தில் அமைந்தவை. அவற்றை ஈண்டுத் தமிழ் எழுத்தாற் குறிக்கின்றேன்.) கட்டளை ஒவ்வொன்றும் ஒரு சிறு கோட்டுடன் தொடங்கும். '-பிரேக்-இன்ஸர்ட் மெயின்' என்றால், மெயின் என்னும் சார்பில் நிறுத்திடம் அமைக்க என்பது பொருள். மறுமொழி வரியின் முதற்குறியே அஃது எவ்வகையினது என்று காட்டிவிடும். கூரைபோன்ற '^' குறியுடன் வருவது கேட்ட கேள்விக்கு விடை. 'டன்' என்றால் முடிந்தது. 'ரன்னிங்' என்றால் ஓடத் தொடங்கிற்று. 'எரர்' என்றால் இயலவில்லை. '*' குறியுடன் வருவது நிரலின் நிலைமாற்றம். நிரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது என்பதை 'ஸ்டாப்டு' என்னும் செய்தி தெரிவிக்கும். '=' குறியுடன் வருவது கேளாமலே வரும் அறிவிப்பு. புதிய நூலகம் ஏற்றப்பட்டது, புதிய இழை தோன்றியது என்பன அவ்வகையின. '~' குறியுடன் வருவது மனிதர் படித்தற்குரிய உரை. யந்திரம் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. இவற்றின் பின்னே 'ஜி.டி.பி.' என்னும் பெயரை அடைப்பிலிட்ட ஒரு வரி வரும். அடுத்த கட்டளையை ஏற்க ஆயத்தம் என்பது அதன் குறிப்பு.

இன்னுமொரு நுட்பம் உண்டு. கட்டளையின் முன்னே ஓர் எண்ணை ஒட்டி அனுப்பலாம். '111-பிரேக்-இன்ஸர்ட் மெயின்' என்று கேட்டால், '111^டன்' என்று விடை தொடங்கும். எந்தக் கேள்விக்கு எந்த விடை என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. பதிவுத் தபாலுக்கு எண்ணிட்டு ஒப்புகைச் சீட்டுப் பெறுவதை ஒத்தது இது.

இலக்கணம் இத்துணை எளிதாயிருக்க, சோதனை எதற்கு என்று கேட்பவர்க்கு யான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றேன். எனக்கு அறிமுகமான மாணவர் ஒருவர் தம் பட்டப்படிப்பின் செயல்திட்டமாக, பைத்தன் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினார். முதலாண்டு மாணவர் எழுதும் சி நிரல்களை ஜி.டி.பி.யின் மூலம் இயக்கி, சுழற்சி எவ்வரியில் எம்மதிப்புடன் செல்கின்றது என்று வரிசையாகக் காட்டுதல் அதன் நோக்கம். நல்ல நோக்கம், வீட்டில் அவருடைய மடிக்கணினியில் செம்மையாகவும் நடந்தது. ஆய்வுக்கூடத்திற் காட்டவேண்டிய நாளில், நிரல் நின்றிருக்கும்போது ஓடுகின்றது என்றும், ஓடும்போது நின்றது என்றும் சொல்லத் தொடங்கிவிட்டது. அவர் இரண்டு நாள் தம் சுழற்சிகளையே குற்றவாளியாக்கித் தேடினார். உண்மையில் நிகழ்ந்தது வேறு. கட்டளை அனுப்பியவுடன் வரும் முதல் வரியே விடை என்று அவர் கொண்டிருந்தார். ஆய்வுக்கூடக் கணினியிலோ, விடைக்கு முன்னரே '=' குறியிட்ட அறிவிப்புகள் மூன்று நான்கு வந்து விழுந்தன. அவற்றுள் ஒன்றை விடையெனப் பற்றிக்கொண்ட நிரல், அதன்பின் ஒவ்வொரு கேள்விக்கும் முந்தைய கேள்வியின் விடையையே படித்துச் சென்றது. அவர் எழுதிய சோதனைகள் யாவும் தம் மடிக்கணினியிற் கண்டதைப் பார்த்து எழுதியவை. ஆதலின் அவை யாவும் தேறின. அவருக்கு மதிப்பெண் குறைந்ததைவிட, "எனக்கு நிரல் வரவில்லை போலும்" என்று அவர் சொன்னதே எனக்கு வருத்தமாயிற்று.

நிற்க. ஜி.டி.பி.யை ஆக்குவோர் தம் யந்திர இடைமுகத்தை எங்ஙனம் சோதிக்கின்றனர் என்று பார்ப்போம். இதற்கு மூன்று கருவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அடியில் இருப்பது டிக்கிள் என்னும் மொழி. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் ஔஸ்டர்ஹவுட் என்பவர் ஆக்கியது. அதன்மேல் எக்ஸ்பெக்ட் என்னும் கருவி. டான் லைப்ஸ் என்பவர் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிலையத்திலிருந்து ஆக்கியது. அதற்கும் மேலே டெஜாக்னூ என்னும் சோதனைச் சட்டகம். இம்மூன்றனுள் உயிர்நாடி எக்ஸ்பெக்ட்டே. அதன் தொழில் மூன்று சொற்களில் அடங்கும்: ஒரு நிரலைத் தோற்றுவி, அதற்கு ஒன்றை அனுப்பு, இன்னது வரும் என எதிர்பார். எதிர்பார்த்தது வந்தால் மேற்செல்லும். வேறொன்று வந்தால் அதற்கென வகுத்த வழியிற் செல்லும். ஒன்றும் வாராவிடின், குறித்த காலம் வரை காத்திருந்து கைவிடும். வேறு கட்டளை இல்லையாயின் அக்காலம் 10 விநாடி. பின்பாட்டுக்காரராக அமர்த்தத்தக்க யந்திரம் இதுவே எனலாம்.

ஜி.டி.பி.யின் மூலத்துள் சோதனைகளுக்கெனத் தனிக் கோப்பகம் உண்டு. அதனுள் யந்திர இடைமுகத்திற்கென்று 'ஜி.டி.பி. எம்.ஐ.' என்னும் உட்பகுதியும் உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் பெரும்பாலும் இரண்டு கோப்புகள்: ஆராயப்படுவதற்கென எழுதிய சிறு சி நிரலொன்று, அதனை ஜி.டி.பி.யினுள் ஏற்றிக் கேள்விகள் கேட்கும் டிக்கிள் கோப்பொன்று. கேள்வி கேட்டற்குரிய வாய்ப்பாடான செயல்முறை மூன்று பொருள்களைப் பெறும்: அனுப்பவேண்டிய கட்டளை, வரவேண்டிய விடையின் மாதிரி, சோதனையின் பெயர். '111-பிரேக்-இன்ஸர்ட் மெயின்' என்று அனுப்பி, '111^டன்' என்பதுடன் தொடங்கி, எண் 1, சார்பு மெயின், இன்ன கோப்பு, இன்ன வரி என்னும் பகுதிகள் அடங்கிய விடை வருகின்றதா என்று பார்க்கும். விடையில் நினைவகத்தின் முகவரியும் இருக்கும். அது கணினிக்குக் கணினி மாறும். ஆதலின் அவ்விடத்தில் குறித்த எண்ணை எதிர்பாராமல், 'பதினாறடிமான எண் ஏதேனும் ஒன்று' என்று மாதிரியில் எழுதுவர். எதனை இறுகப் பிடிப்பது, எதனை நெகிழ விடுவது என்னும் இத்தெளிவே சோதனை எழுதுவோனின் திறம். முகவரியை இறுகப் பிடித்தால், குற்றமற்ற கருவியும் நாளைக்குத் தவறியதாகும். வரி எண்ணை நெகிழ விட்டால், குற்றமுள்ள கருவியும் தேறிவிடும். இரண்டாவதே பெருந்தீங்கு. பொய்யாகத் தவறிய சோதனையை எவரேனும் சென்று பார்ப்பர்; பொய்யாகத் தேறிய சோதனையை ஒருவரும் திரும்பிப் பாரார்.

மாதிரி எழுதுவதில் மாணாக்கர் அடிக்கடி வீழும் குழி ஒன்று உண்டு. 'எதுவும் எத்துணையும் வரலாம்' என்பதற்குப் புள்ளியும் விண்மீனும் சேர்ந்த ஒரு குறியை எழுதுவர். அது பேராசை பிடித்த குறி. கையில் வந்த அனைத்தையும் விழுங்கும். விடை வந்து, அதன்பின் ஆயத்த வரியும் வந்து, அதற்கடுத்து ஒரு '*ஸ்டாப்டு' செய்தியும் சேர்ந்து வந்துவிட்டால், அம்மூன்றையும் ஒரே மாதிரி தின்றுவிடும். அடுத்த சோதனை 'ஸ்டாப்டு' வருமென்று காத்திருக்கும். அது ஏற்கெனவே விழுங்கப்பட்டது, காலம் முடியும், சோதனை தவறும். இதில் விநோதம் யாதெனில், சிலபோது தேறும், சிலபோது தவறும். கணினி விரைவாயிருந்தால் மூன்று செய்திகளும் ஒன்றாக வந்து சேரும். தாமதித்தால் தனித்தனியாக வரும். குற்றம் ஜி.டி.பி.யில் இல்லை, சோதனையில் உள்ளது.

இக்குற்றத்தை வெளிப்படுத்த ஜி.டி.பி. ஆக்கியோர் கையாளும் உபாயம் என்னை மிகவும் கவர்ந்தது. எக்ஸ்பெக்ட் கருவி முனையத்திலிருந்து படிக்கும் 'ரீட்' என்னும் அமைப்பு அழைப்பை இடைமறித்து, எத்துணை எழுத்து வந்திருந்தாலும் ஒவ்வொரு முறைக்கு ஓரெழுத்து மட்டுமே கொடுக்கும்படி செய்யும் சிறு நூலகம் ஒன்றை எழுதி வைத்துள்ளனர். 'செக்-ரீட்1' என்பது அதனைக்கொண்டு சோதனைகளை நடத்தும் வழி. நீர் குழாயிற் பாயாமல் சொட்டுச் சொட்டாக விழுந்தால் எந்தப் பாத்திரத்தில் ஓட்டை என்று தெரிந்துவிடுமன்றோ? அதுபோல, மாதிரி ஒன்று விடை முழுதும் வருமுன்னரே பாதியிற் பொருந்திவிடும் குறை அதனால் வெளிப்படும். இதற்கு நேர்மாறாக, 'செக்-ரீட்மோர்' என்னும் மற்றொரு வழி, சற்றே காத்திருந்து, பல எழுத்துகளைச் சேர்த்து ஒரேயடியாகக் கொடுக்கும். பேராசை பிடித்த மாதிரிகள் அதில் அகப்படும். கருவியைச் சோதிக்கும் சோதனையையும் சோதிக்க வேண்டியிருக்கின்றது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று யான் அறியேன்.

மற்றொரு தொல்லை ஆராயப்படும் நிரலினின்றே வரும். அந்நிரலும் எதையேனும் திரையில் எழுதுமன்றோ? ஜி.டி.பி.யும் நிரலும் ஒரே முனையத்தைப் பகிர்ந்துகொண்டால் இருவர் பேச்சும் கலந்துவிடும். 'வணக்கம்' என்று எழுதிவிட்டு வரியை முறிக்க மறந்த நிரல் உடனே ஒரு நிறுத்திடத்தில் நின்றால், 'வணக்கம்*ஸ்டாப்டு' என்று ஒரே வரி வந்து விழக்கூடும். வரியின் முதற்குறியைக்கொண்டே வகையறியும் யந்திரம் இவ்வரியை எவ்வகையில் சேர்க்கும்? சிறுவர் எழுதும் முதல் நிரல்களில் வரிமுறிப்பை மறத்தல் மிகச் சாதாரணம். ஆகவே இஃது அருகி நிகழ்வதன்று. நிரலுக்கு வேறொரு முனையத்தை ஒதுக்கிக் கொடுத்தலே மருந்து. இடைமுகத்தில் அதற்கெனக் கட்டளையும் உண்டு. ஜி.டி.பி.யின் சோதனைகளும் சில வேளைகளில் நிரலுக்குத் தனி முனையம் கொடுத்து நடத்தப்பெறுகின்றன. 2016-ஆம் ஆண்டின் 7.12 வெளியீட்டிலிருந்து, மனிதர் ஒரு முனையத்திலும் யந்திரம் மற்றொரு முனையத்திலுமாக ஒரே ஜி.டி.பி.யுடன் பேசவும் இயலும்.

தமிழ் பற்றி ஒரு சொல். நிரலில் தமிழ்ச் சொற்களை வைத்து ஆராய்வோர்க்கு இது பயன்படும். யு.டி.எஃப்-8 முறையில் 'அ' என்னும் எழுத்து மூன்று பைட்டுகளாக நிற்கும். எட்டடிமான எண்முறையில் அவற்றை எழுதினால் 340, 256, 205 ஆகும். ஆங்கில எழுத்தல்லாத பைட்டுகளை ஜி.டி.பி. தன் அமைப்புக்கும் கணினியின் மொழியமைப்புக்கும் ஏற்ப, சாய்கோடும் மூன்று இலக்கமுமாக எழுதித் தருதல் உண்டு. ஆகவே, 'அம்மா' என்று எதிர்பார்க்கும் மாதிரிக்குச் சாய்கோடுகளும் இலக்கங்களும் விடையாக வரலாம். கண்டு அஞ்ச வேண்டா. எழுத்து அழியவில்லை, உருமாறி நிற்கின்றது. தம் நிரலைச் சோதிப்போர் ஒரு தமிழ்ச் சொல்லையேனும் சோதனையில் வைத்தல் வேண்டும். ஆங்கில எழுத்தைமட்டும் வைத்துச் சோதித்துவிட்டுத் தேறிற்று என்பது, சமவெளியில் ஓட்டிப் பார்த்த வண்டியை மலையேற்றத்திற்கு உறுதி கூறுவதாகும்.

இனி, இவ்வியாசத்தில் யான் முதன்மையாகக் கருதும் பகுதிக்கு வருகின்றேன்.

சி++ மொழியில் ஒரு பெயர் பல இடங்களைக் குறித்தல் கூடும். ஒரே வார்ப்பிலிருந்து பிறந்த பல சார்புகள் உண்டு. ஆதலின் ஒரு நிறுத்திடம் நிரலில் இரண்டு மூன்று இடங்களில் அமைய வேண்டியிருக்கும். 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த 6.8 முதல் ஜி.டி.பி. இதற்கு இடங்கொடுத்தது. யந்திர இடைமுகத்தில் இதனை எவ்வாறு சொல்லிற்று என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. எம்.ஐ.யின் இலக்கணப்படி விடையின் ஒவ்வொரு பகுதியும் 'பெயர் = மதிப்பு' என்று இருத்தல் வேண்டும். ஆனால் பல இட நிறுத்திடத்திற்கு, முதலில் பெயருடன் ஓர் அடைப்பும், அதன்பின் பெயரே இல்லாமல் 1.1, 1.2 என்னும் எண்களையுடைய அடைப்புகள் இரண்டு மூன்றும் வரிசையாக வந்தன. தலைவாசலில் வீட்டு எண் எழுதாத வீடுகள்போல அவை நின்றன. இலக்கணத்தை நம்பி எழுதிய யந்திரம் அவ்விடத்தில் திகைக்கும். இலக்கணத்தை நம்பாமல், வருவதைப் பார்த்து எழுதிய யந்திரமோ பிழைத்துக்கொள்ளும். எழுதுகளங்களை ஆக்கியோர் பலர் இவ்விரண்டாம் வழியில், பிழையையே வழக்கமாகக் கொண்டு தம் நிரல்களை அமைத்துக்கொண்டனர்.

இதனைத் திருத்துதல் எளிதன்று என்பதை நோக்குக. திருத்தினால், பிழைக்குப் பழகிய யந்திரங்கள் ஒரே நாளிற் செவிடாகும். திருத்தாவிடின், இலக்கணம் ஏட்டுச் சுரைக்காயாகும். கடைசியில் 2020-ஆம் ஆண்டின் 9.1 வெளியீட்டில் இடைமுகத்தின் மூன்றாம் பதிப்பு வகுக்கப்பெற்றது. அதில் இடங்கள் யாவும் 'லொகேஷன்ஸ்' என்னும் ஒரு பெயரின்கீழ்ப் பட்டியலாக, முறையாக, நிறுத்திடத்தின் அடைப்பினுள்ளேயே அமைந்தன. இரண்டாம் பதிப்பைக் கேட்போர்க்குப் பழைய வடிவமே வரும். பழைய பதிப்பில் இருந்துகொண்டே இத்திருத்தத்தை மட்டும் பெற விரும்புவோர்க்கெனத் தனிக் கட்டளையும் அமைத்தனர். அத்தோடு முடியவில்லை. நிறுத்திடத்தில் நின்றவுடன் செய்யவேண்டிய கட்டளைகளின் தொகுதியைச் சொல்லும் 'ஸ்கிரிப்ட்' என்னும் பகுதியும் இதேபோல் இலக்கணத்திற்கு ஒவ்வாததாக இருந்தமை கண்டு, 2023-ஆம் ஆண்டின் 13.1 வெளியீட்டில் நான்காம் பதிப்பால் அதனைத் திருத்தினர். பெயரில்லாச் சொற்களை நெளியடைப்பில் இட்டிருந்ததைச் சதுர அடைப்பாக மாற்றியதே அத்திருத்தம். இரண்டு அடைப்புக்குறிகளை மாற்ற ஒரு புதிய பதிப்பெண்!

இதில் சோதனைக்கு வரும் கடமை விந்தையானது. மூன்றாம் பதிப்பில் புதிய வடிவம் வருகின்றதா என்று பார்த்தாற் போதாது. இரண்டாம் பதிப்பில் பழைய பிழை வழுவாது வருகின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். பல இட நிறுத்திடங்களுக்கான சோதனைக் கோப்பு அவ்விரண்டையும், திருத்தக் கட்டளை கொடுத்தபின் வரும் மூன்றாம் நிலையையும் சோதிக்கின்றது. பிழையைக் காவல் காக்கும் சோதனை என்று நகைப்போர் நகைக்கலாம். யான் நகைக்க மாட்டேன். கேட்போர்க்குக் கொடுத்த வாக்கு எதுவோ அதனையே அச்சோதனை காக்கின்றது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. இலக்கணத்திற்கு ஒவ்வாத விடை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு எங்ஙனம் நிலைத்தது? என் கருத்து இது: எழுத்துகளை மாதிரியோடு ஒப்பிடும் சோதனை, 'இன்ன எழுத்துகள் வந்தனவா' என்று கேட்குமேயன்றி, 'வந்தது இலக்கணத்திற்கு அடங்கியதா' என்று கேட்பதில்லை. ஜி.டி.பி. தந்த விடையைப் பார்த்தே மாதிரி எழுதப்பட்டால், விடை பிழையாயின் மாதிரியும் அப்பிழையே. மாணவன் எழுதிய விடைத்தாளையே திறவுகோலாகக்கொண்டு அவ்விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியரை ஒக்கும் அது. யான் மேலே சொன்ன மாணவரின் சோதனைகள் தேறியதும் இவ்வழியினாலேயே. விடையை இலக்கணப்படி முதலிற் பகுத்து, பகுக்க இயலாவிடின் அங்கேயே தவறியது என்று அறிவித்து, பகுத்தபின் பகுதிகளை ஒவ்வொன்றாக வினவும் சோதனையாயின், பெயரில்லா அடைப்பு முதல்நாளே அகப்பட்டிருக்கும்.

இக்கருத்து வெறும் புத்திமதியாக நில்லாமல் ஜி.டி.பி.யிலேயே ஓரிடத்தில் நடைமுறையாகியிருக்கின்றது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 14.1 வெளியீடு, வி.எஸ். கோட் முதலியவை பேசும் டீபக் அடாப்டர் புரோட்டகால் என்னும் வேறோர் உரையாடல் முறையையும் ஏற்றுக்கொண்டது. அதில் செய்திகள் ஜேசன் வடிவில் வரும். ஒவ்வொரு செய்தியின் முன்னும் அதன் நீளம் எழுதியிருக்கும். எங்கே முடிகின்றது என்று ஊகிக்க வேண்டுவதே இல்லை. அதற்கான சோதனைகள் ஜேசனைப் பகுக்கும் சிறு டிக்கிள் நூலகத்தைக்கொண்டு செய்தியைப் பகுத்து, பகுதிகளின் மதிப்புகளையே ஒப்பிடுகின்றன. புதியது வந்ததால் பழையது ஒழிந்துவிடவில்லை. எம்.ஐ.யைப் பேசும் எழுதுகளங்கள் இன்றும் பல. அதன் சோதனைகளும் நாள்தோறும் நடக்கின்றன.

கையாற் செய்து பார்க்க விரும்பும் மாணாக்கர்க்கு வழி சொல்கின்றேன். லினக்ஸ் கணினியொன்றில் சி, சி++ தொகுப்பிகளையும் டெஜாக்னூவையும் நிறுவி, ஜி.டி.பி.யின் மூலத்தைப் பெற்று, 'மேக்' கட்டளையால் ஆக்கிக்கொள்க. இதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். தேநீர் அருந்தி வரலாம். பின்னர் 'மேக் செக்' என்னும் கட்டளையோடு எம்.ஐ. கோப்பகத்தின் பெயரைமட்டும் குறிப்பிட்டால் அச்சோதனைகள் ஓடும். முடிவில் இரண்டு ஏடுகள் எழும். ஒன்று தொகுப்பேடு, ஒவ்வொரு சோதனையின் பெயரும் அதன் முடிவும் வரிக்கு ஒன்றாக இருக்கும். மற்றொன்று விரிவேடு, உரையாடல் முழுவதும் எழுத்து விடாமல் அதில் இருக்கும். முடிவு தேறியது, தவறியது என்னும் இரண்டே அன்று. ஜி.டி.பி.யில் அறியப்பட்ட பிழையால் தவறியது ஒருவகை. சூழ்நிலையின் குறையால் தவறும் என்று எதிர்பார்த்தபடியே தவறியது வேறுவகை. இக்கணினியில் அவ்வசதி இல்லை என்பதும், சோதனை நடைபெறவே இல்லை என்பதும் மேலும் இரண்டு. தேர்விற்கு வாராதவனையும் தோற்றவனையும் ஒரே பட்டியலில் எழுதாமைபோல, இவற்றைப் பிரித்தெழுதுவது முறை. ஒரே பெயரில் இரண்டு சோதனைகள் இருந்தால் அதுவும் குற்றமாகச் சுட்டப்படும். நேற்றைய தொகுப்பேட்டையும் இன்றைய தொகுப்பேட்டையும் ஒப்பிட்டு, எது புதிதாகத் தவறியது என்று காணப் பெயர்தானே துணை?

மேற்சொன்ன மாணவர் சென்ற விடுமுறையில் தம் நிரலைத் திருத்தி எழுதினார். இப்பொழுது அது கட்டளைதோறும் எண் ஒட்டி அனுப்பி, அவ்வெண் திரும்பி வரும் வரை காத்திருக்கின்றது. இடையில் வரும் '=' வரிகளை வேறொரு பெட்டியில் இடுகின்றது; ஆராயப்படும் நிரலுக்குத் தனி முனையம் கொடுக்கின்றது. அவருடைய சோதனைகளுள் ஒன்று, வேண்டுமென்றே விடையை எழுத்தெழுத்தாகச் சொட்டவிட்டுப் பார்க்கின்றது. முதன்முறை அதனை ஓட்டியபோது பதினாறு சோதனைகளில் ஐந்து தவறின. அவர் அன்று மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்து, அவ்வைந்தின் பெயர்களையும் மகிழ்ச்சியோடு படித்துக் காட்டினார்.